உள்ள ஒண்ணுமில்ல தம்பி

பாரிஸ் போய்வந்த சகலை உங்களுக்கும் ஒருவர் இருப்பார். சகலையாக இல்லாவிட்டால் பெரியப்பா மகனாக, அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரராக, மாடி வீட்டில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற வங்கி மேலாளராக இருப்பார். ஊர் பாரிஸாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஜெனீவா, பிரஸ்ஸல்ஸ் என்று பிரெஞ்சு பேசும் எந்த ஊரானாலும் ஆள் ஒருவர்தான். புருஷனும் பெண்டாட்டியும் முதல் தடவையாக வெளிநாடு கிளம்புகிறார்கள் என்ற சேதி காதில் விழ வேண்டியதுதான், அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலைக் காபிக்கே வந்துவிடுவார்.

எங்களுக்கு வாய்த்தவர் 2022-இல் ‘ஒன்பது நாளில் ஆறு நாடு’ என்ற கணக்கில் போய்வந்தவர். அதில் பாரிஸின் பங்கு ஒன்றரை நாள். யூரோவை ரூபாயாக்கிப் பெருமூச்சு விடுவார், ஊறுகாய்ப் பாட்டிலுக்கு எத்தனை உறை போட வேண்டும் என்று செய்து காட்டுவார். அதெல்லாம் எல்லோரும் செய்வது. அவருக்கே உரியது ஒன்று உண்டு. எந்த இடத்தின் பெயரைச் சொன்னாலும், சொல்லி முடிப்பதற்குள் கையை மேலே தூக்குவார்: “அத வெளியில நின்னு பாத்தாலே போதும் தம்பி. உள்ள ஒண்ணுமில்ல.”

என் மனைவி ஒரு நோட்டில் நாள்வாரியாகத் திட்டம் எழுதியிருந்தாள். முதல் வரியில் லூவ்ர் அருங்காட்சியகம்.

“லூவ்ரா? வாசல்ல ஒரு கண்ணாடிப் பிரமிடு இருக்கும். அதான் லூவ்ரு. அது உச்சிய விரலால புடிக்கிற மாதிரி ஒரு போட்டோ. முடிஞ்சுது.”

அந்தப் பிரமிடு 1989-இல் திறக்கப்பட்டது; அருங்காட்சியகத்துக்குள் இறங்குவதற்கான வாசல் அது. அதாவது இவர் கதவைப் பார்த்துவிட்டு வீடு திரும்பியிருக்கிறார்.

“உள்ள மோனலிசா இருக்கே அண்ணே?”

“மாசக் காலண்டர் சைஸ் தம்பி. அதுக்கு முன்னாடி நூறு பேர் செல்போனத் தூக்கிட்டு நிப்பான்.”

77-க்கு 53 சென்டிமீட்டர். அளவு ஏறக்குறையச் சரிதான். கூட்டமும் சரிதான்.

“நீங்க பாத்தீங்களா?”

“பாக்கணுமா என்ன? பாத்தவன் எல்லாம் அதத்தான சொல்றான்.”

1911 ஆகஸ்டில் அந்த ஓவியத்தைத் திருடிக்கொண்டு போய்விட்டார்கள். லூவ்ரை ஒரு வாரம் மூடிவைத்துத் திறந்தபோது, படம் தொங்கிய வெற்றுச் சுவரைப் பார்ப்பதற்காகவே பாரிஸ்காரர்கள் வரிசையில் நின்றார்கள். உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்தே உள்ளே போன கூட்டம்! இந்தக் கதையைச் சகலையிடம் ஆசையாகச் சொன்னேன். “அதான் தம்பி நானும் சொல்றேன்” என்றார்.

நோட்டில் இரண்டாவது ஓர்சே. “அது பழைய ரயில்வே ஸ்டேஷன். ஸ்டேஷனப் பாக்கவா அவ்வளவு தூரம்? எழும்பூர்ல இல்லாததா?” 1900-இல் ரயில் நிலையமாகக் கட்டியதுதான், 1986-இல் அருங்காட்சியகம் ஆனது என்று நான் ஆரம்பிப்பதற்குள் அவர் வெர்சாய்க்குப் போய்விட்டார். “கண்ணாடி மண்டபமாம். நம்ம சலூன்ல இல்லாத கண்ணாடியா?” மொத்தம் 357 கண்ணாடிகள், முதல் உலகப்போரை முடித்துவைத்த உடன்படிக்கையில் 1919-இல் கையெழுத்துப் போட்ட இடம். சலூன் நாற்காலியில் உட்கார்ந்து அப்படி எதிலும் யாரும் கையெழுத்துப் போட்டதாக எனக்குத் தெரியாது. சொன்னால் கேட்டால்தானே! நோத்ருதாம் பற்றி அவர் சொன்னதில் மட்டும் ஒரு நியாயம் இருந்தது. 2019 ஏப்ரலில் தீப்பிடித்தபின் அது ஐந்து ஆண்டுக்கு மேல் மூடிக்கிடந்தது. இவர் போன நேரத்தில் தடுப்புக்கு வெளியே நின்றுதான் யாராலும் பார்க்க முடியும். 2024 டிசம்பரில் திறந்துவிட்டார்களே, கட்டணமும் கிடையாதே என்றேன். “உள்ள எல்லாம்தான் எரிஞ்சு போச்சே தம்பி” என்றார் பரிதாபமாக.

ஈஃபில் கோபுரத்தில்தான் அவர் என்னை ஒரேயடியாக வாயடைக்க வைத்தார். மேலே ஏறப்போகிறோம், இரண்டாம் தளம் வரை 674 படிகளாம், முடியாவிட்டால் லிஃப்ட், அதற்கு அறுபது நாள் முன்னதாகவே இணையத்தில் டிக்கெட் திறந்துவிடுவார்கள் என்று நான் அடுக்கிக்கொண்டே போக, அவர் நிதானமாகக் கேட்டார்: “மேல ஏறிட்டா ஈஃபில் டவர் தெரியாதே தம்பி. அப்புறம் எதப் பாப்பீங்க?”

யோசித்துப் பாருங்கள், பதில் கிடைக்காது. கோபுரம் பாதி எழும்பாத 1887-லேயே மோப்பசான், ஆபரா மாளிகையைக் கட்டிய கார்னியே போன்ற பெரிய மனிதர்கள் ‘இந்த இரும்புக் கூத்து வேண்டாம்’ என்று பத்திரிகையில் கண்டனக் கடிதம் வெளியிட்டார்கள். அதே மோப்பசான் பிறகு கோபுரத்தின் மேலிருக்கும் உணவகத்திலேயே போய்ச் சாப்பிடுவாராம். ஊரில் கோபுரம் கண்ணில் படாத இடம் அது ஒன்றுதான் என்பாராம். பிரான்ஸின் சிறுகதை மன்னர் எட்டிய முடிவுக்கு மடிப்பாக்கத்தில் இருந்தபடியே என் சகலையும் வந்துசேர்ந்திருக்கிறார்.

நியாயமாகப் பார்த்தால் அவர்மேல் குற்றமில்லை. கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதை அவர் ஐரோப்பா வரை நீட்டிவிட்டார், அவ்வளவுதான். ஆனால் இதே மனிதர் திருப்பதியில் உள்ளே அரை நிமிடம் நிற்பதற்காக இரவெல்லாம் கூண்டில் உட்கார்ந்திருப்பார். அங்கே ‘வெளியில நின்னு கும்பிட்டாப் போதும்’ என்று சொல்லிப் பாருங்கள்! மாமல்லபுரம் போனால் வேறு ஆள். கடற்கரைக் கோயிலுக்கு டிக்கெட் நாற்பது ரூபாய் என்று பலகையில் பார்த்ததும் வேலியோரமாக நின்றே குடும்பத்துக்குப் பல்லவர் வரலாற்றை முடித்துவைத்துவிட்டார். ஆகவே பக்தி வேறு, டிக்கெட் வேறு.

பாரிஸில் அவர் உள்ளே நுழைந்த கட்டடங்கள் இரண்டு. ஒன்று, வடஇந்தியச் சாப்பாடு போட்ட உணவகம். அதில் பரிமாறிய பனீர் எத்தனை துண்டு என்பதுவரை இன்றும் நினைவிருக்கிறது. இன்னொன்று வாசனைத் திரவியக் காட்சியகம். நுழைவு இலவசம், வெளியே வரும் வழி கடைக்குள்ளேயே போகும். அங்கே வாங்கிய சென்ட்டை அவர் இன்னும் பிரிக்கவில்லை. புட்டி பீரோவுக்குள் இருக்கிறது. விருந்தினர்கள் அதையும் வெளியில் நின்றுதான் பார்க்க வேண்டும்.

லா ஷாப்பல் போகலாமா என்று கேட்டோம். வடக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஈழத்தமிழர் கடைகளாக நிறைந்த வட்டாரம். மாணிக்க விநாயகர் ஆலயமும் அங்கேதான். ஆண்டுதோறும் கோடை முடிகிற சமயத்தில் தேர் வரும், தெருவெல்லாம் தேங்காய் உடைப்பார்கள். “தேர்னா சாமியே வெளிய வந்துரும் தம்பி. தாராளமாப் போங்க” என்றார். எங்கள் திட்டத்தில் அவர் முழுமனதோடு ஒப்புதல் தந்த ஒரே வரி அது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வாசல் வரைக்கும் அவர் சொல்வதில் பிழை இருக்காது. சாக்ரே கேர் தேவாலயப் படிக்கட்டில் கையில் நூல் கட்டிவிட்டுக் காசு கேட்பார்கள், கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு ஏறுங்கள் என்றார்; உண்மை. தெருவோரத் தானியங்கிக் கழிப்பறைகளுக்குக் காசு கிடையாது என்றார், உண்மை. குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம், ஜூன் மாதத்தில் பொழுது சாய இரவு பத்து மணி ஆகும், இருட்டியபின் ஈஃபில் கோபுரம் மணிக்கொரு தடவை ஐந்து நிமிடம் மினுமினுக்கும், கடை வாசலில் ‘போன்ஜூர்’ சொல்லாமல் பேச்சைத் தொடங்கினால் முகம் கொடுக்க மாட்டார்கள், எல்லாம் உண்மை. கடைக்குள் போனபிறகு என்ன சொல்வது என்று கேட்டால்தான் மௌனமாகிவிடுவார்.

வேடிக்கையாக இருந்தது, மனைவியின் நோட்டைப் பார்க்கும் வரை. லூவ்ர் பக்கத்தில் கேள்விக்குறி. ஓர்சே அடிபட்டிருந்தது. வெர்சாய் அடிபட்டிருந்தது. “அத்தான் சொல்றாரே, உள்ள ஒண்ணுமில்லையாமே” என்றாள். சேன்ட் ஷாப்பலையும் அடித்திருந்தாள். அதை அடித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. பதிமூன்றாம் நூற்றாண்டுத் தேவாலயம். நீதிமன்றக் கட்டடங்களுக்கு நடுவே ஒடுங்கி நிற்பதால் தெருவிலிருந்து முழுதாகக்கூடத் தெரியாது. மேல்தளத்துக்கு ஏறினால் சுவர் இருக்க வேண்டிய இடமெல்லாம் வண்ணக் கண்ணாடி, பதினைந்து ஜன்னல்கள், ஆயிரத்துக்கு மேற்பட்ட விவிலியக் காட்சிகள். அத்தனையும் உள்ளேதான். சகலையிடம் கேட்டால், “அப்படி ஒண்ணு இருந்தா எங்க கைடு சொல்லியிருப்பானே” என்கிறார்.

செலவைப் பற்றிச் சொல்லட்டும், தலையாட்டுகிறேன். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு லூவ்ர் கட்டணத்தை 2026 ஜனவரியிலிருந்து 32 யூரோவாக உயர்த்திவிட்டார்கள். யூரோ நூறு ரூபாயைத் தாண்டி நிற்கிற காலத்தில் இரண்டு பேருக்குக் கணக்குப் போட்டால் எனக்கும் வயிற்றைப் பிசையத்தான் செய்கிறது. ஆனால் போனஸையும் சீட்டுப் பணத்தையும் சேர்த்துவைத்து, பிள்ளைகளை மாமியார் வீட்டில் விடச் சம்மதம் வாங்கி, ஒரு தடவை கிளம்புகிறவர்களுக்கு, அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்று முன்கூட்டியே தீர்ப்பெழுதித் தர இவர் யார்? ஏமாறுவதாக இருந்தால் நாங்களே நேரில் போய் ஏமாந்துகொள்கிறோம். அந்த வேலையையும் எங்களுக்காக இவர் செய்து முடிக்க வேண்டாம். இவருக்கு முன்பு சிங்கப்பூர் போய்வந்தவர்களும் இதையே செய்தார்கள், இனி வருகிறவர்களும் செய்வார்கள். போய்வந்தவர் வாயை அடைக்கத்தான் ஒரு விசா நடைமுறையும் இல்லை.

விசா என்றதும் கோபத்தைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆளுக்கு 90 யூரோ கட்டணம், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு, வருமானவரிப் படிவம், விடுமுறைக் கடிதம், தங்குமிட முன்பதிவு என்று அவர்கள் கேட்ட காகிதங்களை எல்லாம் வரிசைப்படுத்தி, நகல் எடுத்து, மூலையில் பென்சிலால் எண் போட்டுத் தந்தவர் சகலைதான். என் கவர் லெட்டரை மூன்று தடவை திருத்தினார். விசா மையத்துக்கு விடிகாலையில் அவரே காரில் கூட்டிக்கொண்டு போனார். விண்ணப்பித்தவர்களை மட்டும்தான் உள்ளே விடுவார்கள் என்று காவலாளி சொல்லிவிட்டார். எங்கள் பையை மடியில் வைத்துக்கொண்டு எதிர்ச்சாரி டீக்கடை பெஞ்சில் மதியம் வரை உட்கார்ந்திருந்தார். நாங்கள் வெளியே வந்ததும் ஓடிவந்து கேட்டார்: “உள்ள என்ன தம்பி கேட்டாங்க?” ஒரு கட்டடத்தின் உள்ளே நடப்பதை அவர் விசாரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

விசா வந்த அன்று இரவே லூவ்ர், சேன்ட் ஷாப்பல் இரண்டுக்கும் டிக்கெட் போட்டுவிட்டேன். லூவ்ருக்குப் புதன்கிழமை, அன்று இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்கும். சேதி அரைமணி நேரத்தில் மடிப்பாக்கம் போய்ச் சேர்ந்தது. போன் வந்தது.

“வாங்கிட்டீங்களாமே?”

“ஆமாண்ணே.”

“ரெண்டு பேருக்குமா?”

“ஒருத்தர் மட்டும் எப்படிண்ணே போறது?”

“இல்ல, நீங்க உள்ள போய்ட்டு வர்ற வரைக்கும் தங்கச்சி வெளிய நின்னு...” அவர் முடிப்பதற்குள் போன் கை மாறியது. அக்கா.

“அவகிட்ட குடுங்க தம்பி.” கொடுத்தேன். ஸ்பீக்கரில் இருந்தது அக்காவுக்குத் தெரியாது. “ஏண்டி, எல்லாத்துக்கும் உள்ள போய்ப் பாத்துட்டு வா. நாங்க போனது செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை அந்த மியூசியத்துக்கே லீவாம். பூட்டின கேட்டு முன்னாடி நிக்க வச்சுப் போட்டோ எடுத்துட்டு, நாலு வருஷமா உள்ள ஒண்ணுமில்ல உள்ள ஒண்ணுமில்லன்னுட்டு இருக்காரு. நான் ஒரு லிஸ்ட் எழுதி வச்சிருக்கேன், அனுப்புறேன்.”

பின்னாலிருந்து சகலையின் குரல் கேட்டது. “போட்டோவ மட்டும் வெளிய நின்னு எடுக்கச் சொல்லு! உள்ள எடுத்தா எந்த ஊருன்னு யாருக்குத் தெரியும்?”