தின்னவனுக்கு யாரு சில்லு வைக்கிறது?

வா பேராண்டி, உட்காரு. மல்காஜ்கிரியில ஏசி ரூம்புல குந்திக்கிட்டு அமெரிக்காக்காரன் மீனைக் கணக்குப் பாக்கிறியாமே! உங்கப்பன் தெருவெல்லாம் சொல்லிட்டான்.

12 மில்லிமீட்டர் சில்லு. பேட்டரி கிடையாது. சால்மன் குஞ்சு வயித்துல வச்சு விட்டா, கொலம்பியா ஆத்து அணையைத் தாண்டுறப்ப அங்க இருக்கிற கருவி நம்பரைப் படிச்சிரும். மீனுக்கும் ஆதார் குடுத்துட்டீங்க, நல்லாயிருங்க.

கடலுக்குப் போகாத குஞ்சைத் தேடி முகத்துவாரத்துல ஈஸ்ட் சாண்ட் தீவுக்குப் போனா, ஆலாப் பறவை கூடு கட்டின மண்ணுல சில்லாக் கிடக்குதாம். இன்னொரு வகைச் சில்லு, தின்னவன் வயித்து அமிலத்துல மேல்பூச்சு கரைஞ்சதும் சிக்னலையே மாத்துதாம். செத்தும் சாட்சி சொல்லுதுடா! நம்ம ஊரு கேசுல உசுரோட இருக்கிறவனே வாய் திறக்க மாட்டான்.

குஞ்சைத் திங்கிற பைக்மின்னோ மீனைப் பிடிச்சுக் குடுத்தா தலைக்கு இவ்வளவுன்னு டாலர் தர்றான். ஒரே பருவத்துல லட்சம் டாலருக்கு மேல பாத்தவன் இருக்கான். நீ எஞ்சினியரிங்குக்குப் பதிலா தூண்டில் வாங்கியிருக்கலாம்.

ஆலா குத்தவாளி, பைக்மின்னோ குத்தவாளி. தண்ணியைத் தேக்கிக் குஞ்சைத் தடுமாற விட்ட அணை? கருவியே அதுமேலதான மாட்டியிருக்கு, அதைப் போய் யாரு கேப்பா!

கொள்ளிடத்துல உள்ளம் மீன் ஏறும்னு எங்கப்பாரு சொல்லுவாரு. 1934-ல மேட்டூர் அணை வந்துச்சு, மீன் அருகிப்போச்சு. கோதாவரிப் பக்கம் தாலியை வித்தாவது திங்கணும்கிற புலசையும் அதே மீன்தான். புதுவெள்ளத்துல கடல்லேருந்து கோதாவரி ஏறும். காட்டன் துரை 1852-ல கட்டி முடிச்ச தவளேஸ்வரம் அணைக்கட்டுல முட்டிக்கிட்டு நிக்கும். கங்கையில அதே மீனை ஹில்சாங்கிறாங்க; அங்க 1975-லேருந்து ஃபராக்கா அணை வழியை மறிக்குது. இப்ப பாரக்பூர் மீன் ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க மீனைத் தூக்கி அணைக்கு மேல விட்டு, அடையாளம் கட்டி, எங்க போவுதுன்னு பாக்கிறாங்க. வழியை அடைச்சவனே வழித்துணைக்கும் வர்றான்!

வேலையை விடாத, சம்பளம் வருது. கடைக்குப் போனா மட்டும் ஒண்ணு செய்யி. 23 சென்டிமீட்டருக்குக் குறைஞ்ச ஹில்சாவைப் பிடிக்க மேற்கு வங்கத்துல தடை இருக்கு. அது ஏறக்குறைய ஒரு சாண். விரலை விரிச்சு அளந்து பாரு. எட்டலைன்னா வாங்காத.