வார் வச்ச பைக்குப் பேட்டண்டா, பேராண்டி?

வா ராசா, திண்ணையில உக்காரு. நீ ஏதோ கண்டுபிடிச்சிட்டியாமே? உங்க அம்மா பூக்காரிகிட்டச் சொல்லி, பூக்காரி டீக்கடையில சொல்லி, டீக்கடைக்காரன் "பெரியவரே, உங்க பேரன் விஞ்ஞானி ஆயிட்டானாமே"ன்னு கேட்டப்பதான் எனக்கே சேதி தெரியும். சொந்தத் தாத்தனுக்குக் கடைசியாத் தெரியுது. போகட்டும், பெரிய மனுசங்க வீட்டுல இதெல்லாம் சகஜம்.

கொண்டா, பாப்போம். ரெண்டு விரல் அகலத்துல கறுப்பு நைலான் நாடா. நுனியில பிளாஸ்டிக் பக்கிள். இழுத்தா இறுகுது, நிமிர்த்தினா தளருது. நாடாவுல வரிசையா மூணு பை. ஒண்ணு போனுக்கு, ஒண்ணு பவர் பேங்குக்கு, ஒண்ணு காதுல சொருகுற சமாச்சாரத்துக்கு. தோள்ல குறுக்கே போடலாம், இடுப்புலயும் கட்டலாம். தையல் நேராத்தான் ஓடியிருக்கு. உங்க பாட்டி மெஷின்தானே? அவ ஓட்டுறப்பகூட இவ்வளவு நேராப் போனதில்ல. அவகிட்டச் சொல்லிராத, எனக்குச் சோறு வேணும்.

இதுக்குப் பேட்டண்ட் வாங்கி, வேலையை விட்டுட்டு, கால்மேல கால் போட்டு ராயல்டி எண்ணப் போறியாக்கும். நல்ல யோசனை. கொஞ்சம் பொறு. நான் பட்டணத்துல ஒரு பேட்டண்ட் வக்கீல்கிட்டக் கட்டுத் தூக்கின குமாஸ்தா. படிப்புக் கம்மி, காது நீளம். அவர் மணிக்கு இவ்வளவுன்னு காசு வாங்கிச் சொன்னதை, உனக்கு நான் ஒரு கவுளி வெத்தலைக்குச் சொல்றேன்.

நம்ம நாட்டுப் பேட்டண்ட் சட்டம் 1970-ல வந்தது. அதுல மூணு வாசல் இருக்கு. பொருள் புதுசா? அந்தத் தொழில் தெரிஞ்சவனுக்குச் சட்டுனு தோணாததா? தொழில்ல செஞ்சு விக்க முடியுமா? மூணாவது வாசல்ல உனக்குப் பயமே இல்ல. பை தைக்கலாம், விக்கலாம். முதல் ரெண்டுலதான் உன் நாடா மாட்டும்.

முதல்ல புதுமை. என் இடுப்பைப் பாரு. வேட்டிக்கு மேல இந்தப் பச்சைப் பெல்ட்டு எத்தனை காலமாக் கிடக்கு? இதுலயும் பக்கிள் இருக்கு, கூட்டலாம், குறைக்கலாம். பையும் இருக்கு, காசு, பொடிமட்டை, ரேசன் கார்டு. பனையேறி இடுப்புல கட்டுற அரிவாள் பெட்டி? பஸ் கண்டக்டர் தோள்ல தொங்குற தோல்பை? இந்த ஆளுங்கள்லாம் ஆக்சசரீஸ்னு சொல்லத் தெரியாம இத்தனை நாளும் சாமான்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிட்டாங்க. அது ஒண்ணுதான் அவங்க செஞ்ச குத்தம்.

சரி, நம்ம ஊர் பட்டிக்காடு, சீமைக்குப் போவோம். அமெரிக்காவுல மார்க் ட்வைன்னு ஒரு கதை எழுதுறவர். நையாண்டியில நமக்கெல்லாம் பெரியப்பா. அந்த மனுசன் சாமுவேல் கிளெமென்ஸ்ங்கிற சொந்தப் பேர்ல 1871 டிசம்பர்ல ஒரு பேட்டண்ட் வாங்கினார். எதுக்குத் தெரியுமா? உடுப்புல மாட்டிக் கூட்டிக் குறைக்கிற, கழட்டிப் போடுற வாருக்கு! ஆக, வாரு போச்சு.

பையாவது மிஞ்சுமான்னு பாத்தா, 1873 மே மாசம் ஜேக்கப் டேவிஸ்னு ஒரு தையக்காரரும், துணி யாவாரி லீவை ஸ்ட்ராஸும் சேர்ந்து, கால்சட்டைப் பையோட மூலை கிழியாம இருக்கச் செம்பு ஆணி அடிக்கிறதுக்குப் பேட்டண்ட் எடுத்துட்டாங்க. நீ மாட்டியிருக்கிற ஜீன்ஸ் பையில அந்தக் குமிழு இன்னமும் இருக்கு, தடவிப் பாரு. இதுல ஒரு சூட்சுமம் கவனிச்சியா? டேவிஸ் பை எனக்குச் சொந்தம்னு கேக்கல, கால்சட்டை எனக்குச் சொந்தம்னும் கேக்கல. கிழியிற அந்த மூலையை மட்டும் கேட்டார். வக்கீல் வீட்டு வாசல்ல நான் கத்துக்கிட்ட வித்தையே அதுதான். உனக்குப் பின்னாடி உதவும், மனசுல முடிஞ்சு வை.

"தாத்தா, மூணு பையும் இந்தப் பக்கிளும் ஒண்ணாச் சேர்ந்து முன்னாடி யாருகிட்டயும் இல்லையே"ங்கிறியா? வாய் இருக்குதுடா உனக்கு. நீ சொல்றதுலயும் ஞாயம் இருக்கு. நீ கேக்கிற அத்தனை அம்சமும் ஒரே பழைய பொருள்லயோ, ஒரே பழைய காயிதத்துலயோ இருந்தாத்தான் 'இது பழசு'ன்னு தள்ளுவாங்க. அதனால முதல் வாசலை நீ குனிஞ்சு தாண்டினாலும் தாண்டிருவ.

ரெண்டாவது வாசல்ல எக்ஸாமினர் உக்காந்திருப்பார். அவர் என் பச்சைப் பெல்ட்டை ஒரு கையில எடுப்பார், கண்டக்டர் பையை மறு கையில எடுப்பார். "இது ரெண்டையும் சேர்த்துத் தைக்க ஒரு சாதாரணத் தையக்காரனுக்குத் தோணாதா தம்பி?"ன்னு கேப்பார். நீ என்ன சொல்லுவ? "ஒரு பைக்கு மூணு பை வச்சேன் சார்"ம்பியா? எண்ணிக்கையைக் கூட்டுறது கண்டுபிடிப்புன்னா, உங்க பெரியம்மா அடுக்குப் பானைக்கு எத்தனை பேட்டண்ட் வாங்கியிருக்கணும்!

அதுக்கும் மேல மூணாம் பிரிவுல எஃப்-னு ஒரு உட்பிரிவு இருக்கு. தெரிஞ்ச சாமான்களைப் பக்கத்துல பக்கத்துல வச்சு, ஒவ்வொண்ணும் அதது பாட்டுக்குப் பழைய வேலையையே செஞ்சுக்கிட்டிருந்தா, அது கண்டுபிடிப்பே இல்ல. பேட்டண்ட் ஆபீஸ் தன்னோட கையேட்டுல உதாரணமும் போட்டிருக்கு: டார்ச் லைட்டு வச்ச வாளி, விசிறி வச்ச குடை, ஒரே பெட்டியில கடிகாரமும் ரேடியோவும். நான் ஒண்ணும் இட்டுக்கட்டல. சர்க்கார் காயிதத்துல சிரிப்பு வர்ற இடம் அது ஒண்ணுதான், அதான் மறக்கல. உன் நாடா தூக்குது, பை சாமானை வச்சுக்குது, பக்கிள் இறுக்குது. ஒண்ணுக்கொண்ணு பேச்சுவார்த்தை உண்டா? இல்ல. அப்ப நீயும் அந்த வாளிப் பக்கத்துல போய் நில்லு.

உச்ச நீதிமன்றமே 1978-ல சொல்லியாச்சு. பாத்திரத்தைக் கடைசல்ல பிடிச்சு மெருகேத்துற முறைக்கு ஒரு கம்பெனி பேட்டண்ட் வச்சிருந்துச்சு. வழக்கு மேல மேல போய், கடைசியில அது பட்டறையில செய்யிற சின்னத் திருத்தம்தான், அதைத் தாண்டி ஒண்ணுமில்லன்னு தீர்ப்பாகி, பேட்டண்ட் பறிபோச்சு. பிஷ்வநாத் பிரசாத் வழக்குன்னு பேர். எங்க வக்கீல் ஆபீசுல அந்தப் பேர் காதுல விழாத வாரமே கிடையாது.

இன்னொண்ணு. உன் விண்ணப்பம் 18 மாசத்துல வெளிய பிரசுரமாகும். அதுக்கப்புறம் பேட்டண்ட் கொடுக்கிறதுக்கு முன்னாடி யார் வேணும்னாலும் எதிர்ப்பு மனு போடலாம். எழுத்துல இல்லாம ஊர் வாய்வழக்குல இருக்கிற அறிவைக்கூட எதிர்ப்புக்குக் காரணமாக் காட்டச் சட்டம் இடம் கொடுக்குது. அதாவது, என் பச்சைப் பெல்ட்டை அவுத்துக்கிட்டு, வேட்டியை ஒரு கையில பிடிச்சுக்கிட்டு, கிண்டி ஆபீசுக்கு நானே சாட்சியா வந்து நிக்கலாம். வரமாட்டேன். ஆனா தாத்தனுக்கு அந்த அதிகாரம் இருக்குன்னு தெரிஞ்சுக்கோ. இனிமே வெத்தலை வாங்கிட்டு வரச் சொன்னா உடனே போவ.

ஏன் முகம் சுண்டிப்போச்சு? இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கேன். அந்தப் பையை மறுபடி குடு. இந்த நடுப்பையோட வாய் ஏன் சுருங்கியிருக்கு? ஓகோ, நாடாவை வாய் மடிப்புக்குள்ள விட்டு வெளிய எடுத்திருக்கியா? பவர் பேங்க்கைப் போட்டுத் தூக்கினா கனத்துக்கு நாடா இழுக்குது, இழுத்தா வாய் தானா மூடுது. கீழ கை கொடுத்துத் தாங்கினா வாய் திறக்குது. குனிஞ்சு தண்ணி பிடிச்சாலும் சாமான் விழாது. அட, இதை ஏன்டா முதல்லயே சொல்லல? "மெஷின்ல நாடா சிக்கிச்சு தாத்தா, தற்செயலா வந்துச்சு"ங்கிறியா? அதை வெளிய சொல்லாத. எப்படி வந்துச்சுன்னு சட்டம் கேக்காது, வந்தது என்னன்னுதான் கேக்கும்.

இங்கதான் வாரும் பையும் ஒண்ணுக்கொண்ணு பேசுது. வாரு தூக்குற வேலையோட மூடுற வேலையையும் செய்யுது. எஃப் உட்பிரிவுக்காரன்கிட்ட வாய் திறக்க உனக்கு இப்ப ஒரு விசயம் கிடைச்சிருக்கு. ஆனா துள்ளாத. எக்ஸாமினர் மேசைக்கடியில இருந்து உங்க பாட்டியோட சுருக்குப் பையை எடுத்துப் போடுவார். "கயிறை இழுத்தா வாய் மூடுறது இவங்களுக்கே தெரியுமே"ம்பார். அதுல கையாலதான் இழுக்கணும், இதுல சாமானோட கனமே இழுக்குது, நீளத்தைக் கூட்டினாலும் குறைச்சாலும் வாய் மூடியே இருக்குதுன்னு நீ பதில் சொல்லணும். இதே மாதிரி வேற எவனாவது எந்த நாட்டுலயாவது எழுதி வச்சிருக்கானான்னு முதல்ல தேடு. நம்ம பேட்டண்ட் ஆபீஸ் இணையத்துல காசில்லாமத் தேடலாம், கூகுள் பேட்டண்ட்ஸ்லயும் தேடலாம். பை, வாரு சமாச்சாரமெல்லாம் ஏ45 வகுப்புல கிடக்கும். ராத்திரி ரீல்ஸ் பாக்குற நேரத்துல பாதி போதும்.

இப்ப நெசத்தைச் சொல்லு. இதை வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல போட்டியாமே? இந்தச் சுருங்குற வாயைக் காட்டினியா? வெளித்தோற்றம் மட்டும்தானா? பிழைச்ச. விண்ணப்பம் போடுறதுக்கு முன்னாடி ஊரறியக் காட்டினா, உன் கண்டுபிடிப்பை நீயே பழசாக்கினதாகும். அமெரிக்காவுல காட்டின பிறகும் ஒரு வருசம் தவணை உண்டு. நம்ம நாட்டுல சர்க்கார் அறிவிச்ச கண்காட்சி மாதிரி ஒண்ணு ரெண்டு விலக்குதான். வாரச் சந்தையும், உன் மச்சான் கல்யாண மண்டபமும் அந்தப் பட்டியல்ல இல்ல.

தோற்றத்துக்குன்னு தனியா டிசைன் சட்டம் இருக்கு, 2000-ல வந்தது. பதிஞ்சா 10 வருசம், நீட்டிச்சா இன்னும் 5 வருசம். தனியாளுக்குக் கட்டணம் 1,000 ரூபா. பைக்குப் பொருத்தம் பெரும்பாலும் அதுதான். ஆனா இந்தத் தோற்றத்தை நீ ஸ்டேட்டஸ்ல தண்டோரா போட்டுட்ட. நாளைக்கு எவனாவது அந்தப் படத்தைக் காட்டினா வில்லங்கம். அடுத்த மாடலுக்கு வடிவத்தை மாத்து, பதிஞ்ச பிறகு படம் போடு.

இந்தா, பை மேல என்ன ஸ்டிக்கர்? 'பேட்டண்ட் பெண்டிங்'கா? கிழி முதல்ல. விண்ணப்பமே போடாம போட்டதா எழுதி வித்தா 120-ம் பிரிவு பாயும். அபராதம் 10 லட்சம் வரைக்கும் போகலாம். நம்ம வீட்டை வித்தாலும் அவ்வளவு தேறாது.

கணக்குச் சொல்றேன், கேளு. தனியாளா ஆன்லைன்ல விண்ணப்பம் போட 1,600 ரூபா. பரிசோதனை கேட்க 4,000 ரூபா; அதுக்கு 31 மாசம் வரைக்கும் நேரம் இருக்கு. பேட்டண்ட் கிடைச்சா விண்ணப்பம் போட்ட நாள்ல இருந்து 20 வருசம், மூணாவது வருசத்துல இருந்து வருசா வருசம் புதுப்பிப்புக் காசு. வக்கீல் கூலி தனி. அதை நான் சொன்னா நீ திண்ணையை விட்டு விழுந்துருவ. இவ்வளவும் இந்தியாவுக்குள்ள மட்டும்தான். அதுவும் அடுத்தவன் செய்யாம தடுக்கத்தான் பேட்டண்ட். உன் பையை வந்து வாங்குன்னு எவனையும் அது கட்டாயப்படுத்தாது. மார்க் ட்வைனே வாரைவிட, 1873-ல பேட்டண்ட் வாங்கின ஒட்டுப்புத்தகத்துலதான் காசு பாத்தார்.

அதனால தாத்தன் தீர்ப்பு இதுதான். வாரோட சேர்ந்த பைன்னு கேட்டா உனக்குக் கிடைக்காது, கேக்கவே கேக்காத. கனத்துல வாய் மூடுற அந்த அமைப்பை மட்டும் கேளு. கிடைச்சாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும், கேட்கிறதுல ஞாயம் இருக்கு. வேலையை விடாத. தேடிப் பாத்து வேற எவனும் எழுதலைன்னா, படம் வரைஞ்சு, நாடா எந்த வழியா உள்ள போய் எந்த வழியா வெளிய வருதுன்னு எழுதி, புரொவிஷனல் விண்ணப்பம் போடு. முழு விவரம் கொடுக்க அதுல இருந்து 12 மாசம் கிடைக்கும். அந்த 12 மாசத்துல நூறு பை தைச்சு வித்துப் பாரு. வித்துச்சுன்னா வக்கீலைப் பாரு. விக்கலைன்னா மிச்சக் காசு மிச்சம். விண்ணப்பம் போடுற வரைக்கும் வாயை மூடி வை. உன் பைக்கே அது தெரிஞ்சிருக்கு.