இருநூற்றைம்பது கோடியும் இருபது விநாடியும்

சில ஆண்டுகளில், டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவின் ஹோவர்டு தெருவில் கட்டம்போட்ட சட்டை, மலையேறும் பூட்ஸ், தோளில் நீளக் குழாய் என்று ஒரு கூட்டம் போனால் பயப்படாதீர்கள். குழாய்க்குள் இருப்பது போஸ்டர். அமெரிக்கன் ஜியோபிசிகல் யூனியனின் ஆண்டு மாநாட்டுக்கு வந்திருக்கிறார்கள். தலைகளை எண்ணினால் இருபதாயிரத்தைத் தாண்டும்.

ஊரைத் தேர்ந்தெடுத்த அழகைப் பாருங்கள். 1906இல் 7.9 அளவில் குலுங்கி, எரிந்து தீர்ந்த ஊர். 1989இல் 6.9. சான் ஆண்ட்ரியாஸ் பிளவு மேற்கே கூப்பிடு தூரத்தில் கிடக்கிறது. அடுத்தது எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று ஊருக்கெல்லாம் சொல்பவர்களே, மாஸ்கோனி சென்டரில் தரைக்கு அடியில் இருக்கும் கூடத்தில் போய் ஐந்து நாள் அடைந்துகிடக்கிறார்கள். இதைச் சொன்னபோது என் மாமியார், “எல்லாரும் படிச்சவங்கதானே?” என்று மட்டும் கேட்டார்.

அங்கே நானும் பேசினேன். பேச்சுக்கு 12 நிமிடம், கேள்விக்கு 3 கொடுத்தார்கள். என் விஷயம் பல்லாவரத்துப் பக்கம் கிடக்கும் கருங்கல்; வயது சுமார் 250 கோடி ஆண்டு. முன்னே பின்னே ஒரு கோடி இருக்கலாம் என்று நான் சொன்னபோது அமர்வுத் தலைவர் பெருந்தன்மையோடு தலையாட்டினார். கடைசிப் படத்துக்கு இருபது விநாடி கேட்டேன். கடன் கேட்ட பங்காளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

பிற்பகல் மூன்றரைக்கு போஸ்டர் கூடத்தில் பீர் ஊற்றுவார்கள். மாநாட்டில் எவரும் தாமதமாக வராத நிகழ்ச்சி இது ஒன்றுதான். பனிப்பாறைக்காரர், எரிமலைக்காரர், செவ்வாய்க் கிரகத்துக்காரர் என்ற பேதமெல்லாம் வரிசையில் கரைந்துவிடும்.

அந்த வரிசை என் போஸ்டரைத் தொட்டுக்கொண்டு போனது. நரைத்தாடிக்காரர் ஒருவர் எதிரில் நின்று போஸ்டரையே பார்த்தார். ஆள் கிடைத்த குஷியில் முழுக்கதையையும் சொன்னேன்: கல் ஆழத்தில் வெந்தது, மேலே வந்தது, 250 கோடி ஆண்டு. அவர் முகத்தில் சலனமே இல்லை.

“கேள்வி ஏதாவது உண்டா?”

“இந்த வரிசை எவ்வளவு நேரமாக நகரவில்லை?”

“பத்து நிமிடம் இருக்கும்.”

“பத்து நிமிடமா!” என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.