அமைதியான அப்பாவின் அருமைப் பிள்ளைகள்

பெற்றோரைப் பேணுவதில் பினாங்குத் தமிழருக்கு நிகர் பினாங்குத் தமிழரேதான். அப்பாவுக்கு இதயச் செயலிழப்பு என்று டாக்டர் சொன்ன மறுநாளே வீட்டுக்கு எடை பார்க்கும் கருவி வந்துவிடும். கிழமைக்கு ஓர் அறை என மாத்திரைப் பெட்டி வரும். சாம்பாரில் உப்பு குறையும். குடிக்கிற தண்ணீருக்கும் அளவு உண்டு. மருமகள் கணுக்காலை விரலால் அழுத்தி, குழி விழுகிறதா என்று தினமும் பார்ப்பாள். அளக்க முடிந்த எதையும் விட்டுவைக்காத குடும்பம்!

அப்பாவும் தங்கமானவர். நாசி கண்டார் கேட்பதில்லை. லிட்டில் இந்தியாவுக்குக் கூட்டிப்போ என்று நச்சரிப்பதில்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் படி ஏற முடியாது, சரி. வெள்ளி ரதம் வருகிறது என்றாலும் நாற்காலியை விட்டு எழுவதில்லை. "ஒரு தொந்தரவும் இல்லை, அமைதியா இருக்காரு" என்று சொந்தபந்தத்திடம் பெருமைப்படுகிறோம்.

டாக்டரிடம் போனால் நம் பொறுப்புணர்ச்சிக்கு எல்லையே இல்லை. "நல்லாத் தூங்குறீங்களா ஐயா?" என்று அவர் கேட்பார், "தூங்குறாரு டாக்டர்" என்று மகன் சொல்வான். அப்பாவுக்கு வாய் வலிக்காது.

ஆனால் அந்த அமைதி மனச்சோர்வாகவும் இருக்கலாம். இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு மனச்சோர்வும் இருக்கிறது என்கின்றன ஆய்வுகள். அப்படிப்பட்டவர்கள் அடிக்கடி ஆஸ்பத்திரிக்குத் திரும்புகிறார்கள். இறப்பு அபாயமும் கூடுகிறது. மனம் விட்டுப்போனவர் மாத்திரையை விட்டுவிடுகிறார், நடப்பதையும் நிறுத்திவிடுகிறார். உடலில் மன அழுத்த ஹார்மோன்களும் அழற்சியும் ஏறி, நலிந்த இதயத்தை மேலும் நலிய வைக்கின்றன. களைப்பு, தூக்கமின்மை, பசியின்மை ஆகியவை இரண்டு நோய்க்கும் பொது என்பது நமக்கு எவ்வளவு வசதி! எல்லாவற்றையும் இதயத்தின் தலையில் போடலாம். மீதியை வயதின் தலையில் போடலாம்.

மாத்திரை ஒன்று கொடுத்து முடித்துவிடலாம் என்றால், அந்த ஆசைக்கும் இடமில்லை. செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரைகளை இந்நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்த ஆய்வுகள் முறையே 2010-இலும் 2016-இலும் வெளிவந்தன. வெற்று மாத்திரையைவிட அந்த மாத்திரைகள் மனச்சோர்வைக் கூடுதலாகக் குறைக்கவில்லை. பேச்சுவழிச் சிகிச்சையும் மருத்துவர் அனுமதித்த உடற்பயிற்சியும்தான் ஓரளவு பலன் தந்தன. உட்கார்ந்து பேசவும் கூட நடக்கவும் நம்மைப் போன்ற பொறுப்பான பிள்ளைகளுக்கு நேரம் ஏது?

அப்பாவைத் தனிமையில் விடுவதில் நகரமும் நமக்குச் சளைத்ததல்ல. 2000-இல் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியதும் ஜார்ஜ் டவுனின் பழைய குடித்தனக்காரர்கள் பலர் வெளியேறினார்கள். 2008-இல் யுனெஸ்கோ அதை உலக மரபு நகரமாக்கியது. சுவர்களைக் கண்ணும் கருத்துமாகக் காக்கிறோம். சாயங்காலம் அப்பாவோடு கோப்பி குடித்த அண்டைவீட்டுக்காரர்தான் இல்லை.

இவ்வளவும் செய்த கையோடு இன்னும் இரண்டே கேள்விகள் கேட்டுவிடுங்கள்: "இந்த ரெண்டு வாரமா எதிலயும் நாட்டம் இல்லாம இருக்கா, அப்பா? மனசு சோர்ந்து போயிருக்கா?" ஆமாம் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அப்பா பதில் சொல்லி முடிக்கும்வரை மட்டும், தயவுசெய்து, அவருக்காக நீங்கள் பேசாதீர்கள்.