மொய் எழுதும் வேட்பாளர்கள்

‘வேட்பாளரின் மனைவி’, பழநி: என் வீட்டுக்காரர் ஒரு சின்னக் கட்சியில் சேர்ந்து எம்.எல்.ஏ. தேர்தலுக்கு நிற்கப் போகிறாராம். பணம் எவ்வளவு போகும்?

டெபாசிட் 10,000 ரூபாய். எஸ்.சி., எஸ்.டி. வேட்பாளருக்கு 5,000. செல்லுபடியான ஓட்டுகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால் பணம் திரும்பும். 1,80,000 ஓட்டு விழுந்தால் 30,000-ஐத் தாண்ட வேண்டும். ஆகவே அதைக் கடன் கொடுத்த கணக்கில் வைக்காதீர்கள் தாயீ, மொய் எழுதிய கணக்கில் வையுங்கள். இன்னொன்று: தோற்றவரும் 30 நாளுக்குள் செலவுக் கணக்கு ஒப்படைக்க வேண்டும். தகுந்த காரணமில்லாமல் விட்டுவிட்டால் மூன்று ஆண்டு எந்தத் தேர்தலிலும் நிற்க முடியாதபடி ஆணையம் தடை போடலாம். அந்தக் கணக்கு நோட்டை எங்கே ஒளித்து வைப்பது என்பது உங்கள் பாடு. நான் எதுவும் சொல்லவில்லை.

ஒரு வாசகர், தாராபுரம்: பெரிய கட்சி வேட்பாளரை ஒருவர் முன்மொழிந்தால் போதுமாம். எனக்கு மட்டும் பத்துப் பேர் வேண்டுமாம். இது என்ன நியாயம்?

உங்கள் பக்கத்து ஊர்க்காரர்களைக் கேளுங்கள். 1996-ல் மொடக்குறிச்சி தொகுதியில், விவசாயிகள் தங்கள் கோபத்தைக் காட்டக் கூட்டம் கூட்டமாக மனு தாக்கல் செய்தார்கள். களத்தில் 1,033 பேர். வாக்குச்சீட்டைப் புத்தகமாகத்தான் அச்சடிக்க முடிந்தது. ஜெயித்தவர் தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன். பலருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை; சொந்த ஓட்டையும் வேறு யாருக்கோ போட்டிருக்கிறார்கள், அல்லது தங்கள் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடிக் களைத்திருக்கிறார்கள். அப்போது டெபாசிட் 250 ரூபாய்தான். அதே ஆண்டு அதை 5,000 ஆக்கி, அங்கீகாரம் இல்லாத கட்சிக்காரருக்கும் சுயேச்சைக்கும் பத்து முன்மொழிபவர்கள் என்று சட்டத்தை மாற்றினார்கள்.

பத்துப் பேர் கிடைப்பது கஷ்டமில்லை. பத்துப் பேருமே அதே தொகுதியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும். பாகம் எண், வரிசை எண் சரியாக இருக்க வேண்டும். மச்சான் பக்கத்துத் தொகுதிக்குக் குடிபோய் அங்கே பெயரை மாற்றிக்கொண்டது பரிசீலனை அன்றுதான் பலருக்குத் தெரியவரும்.

ஒரு வட்டச் செயலாளர், திருச்சி: சின்னமே கையில் இல்லாமல் எப்படி ஓட்டு கேட்பது?

கும்பிட்டுத்தான். விரலை விரித்து மட்டும் காட்டிவிடாதீர்கள், அந்த ஓட்டு காங்கிரசுக்குப் போய்விடும்.

உங்கள் கஷ்டம் உண்மையானது. தொகுதியில் தனியாக நிற்பவருக்கு, மனுவைத் திரும்பப் பெறும் கெடு முடிந்த பிறகுதான் சின்னம் கையில் வரும். அதற்குப் பிறகு கிடைக்கும் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் நோட்டீஸ் அடித்து, சுவரில் எழுதி, பாட்டிகளுக்குப் பாடம் நடத்த வேண்டும். நாம் தமிழர் கட்சியைப் பாருங்கள். 2016-ல் இரட்டை மெழுகுவர்த்தி. 2019-லும் 2021-லும் கரும்பு விவசாயி. 2024-ல் வேறு மாநிலக் கட்சி ஒன்று முந்திக்கொண்டு கேட்டு, விவசாயியை வாங்கிப் போய்விட்டது. இவர்கள் மைக்கைப் பிடித்துக்கொண்டு 8 சதவீதத்துக்கு மேல் வாங்கி, மாநிலக் கட்சி அங்கீகாரம் பெற்றார்கள்.

உங்கள் ஊரிலேயே அதே தேர்தலில் ம.தி.மு.க.வுக்குப் பம்பரம் கிடைக்கவில்லை. துரை வைகோ தீப்பெட்டியோடு போய் மூன்று லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். தீப்பெட்டியின் மகிமை என்று நினைத்து நீங்களும் அதையே கேட்காதீர்கள். பின்னால் இருந்தது தி.மு.க. கூட்டணி. இன்னொரு வழியும் இருக்கிறது, பெரிய கட்சியின் சின்னத்திலேயே நிற்பது. 2021-ல் ம.தி.மு.க. ஆறு இடங்களில் உதயசூரியனில் நின்று நான்கில் ஜெயித்தது. ஜெயித்த நால்வரும் சட்டமன்றக் கணக்கில் தி.மு.க. உறுப்பினர்கள். வீடு கிடைக்கும், வாசல் பலகையில் பெயர் இருக்காது.

ஒரு வாசகர், ஆம்பூர்: என் பெயர் ‘அ’வில் தொடங்குகிறது. மெஷினில் முதலிடம் எனக்குத்தானே?

இல்லை. அங்கீகாரம் பெற்ற கட்சிகள் முதலில், பதிவு மட்டும் பெற்ற கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் கடைசியில். அகரவரிசை அந்தந்த வகுப்புக்குள்தான். அரவக்குறிச்சி 2019 இடைத்தேர்தலில் 63 பேர் நின்றார்கள். ‘அ’ இருந்தும் உங்கள் பெயர் நான்காவது மெஷினில்கூட இருந்திருக்கலாம்.

ஒரு இளைஞர், உளுந்தூர்பேட்டை: வார்டு, சட்டமன்றம் இரண்டுக்கும் நிற்கலாமா?

நிற்கலாம். வார்டுக்கு 21 வயது, சட்டமன்றத்துக்கு 25. இரண்டிலும் ஜெயித்துவிட்டால்? அந்தத் தொல்லை மு.க. ஸ்டாலினுக்கு வந்தது: சென்னை மேயர், ஆயிரம் விளக்கு எம்.எல்.ஏ. இரட்டைப் பதவி கூடாது என்று 2002-ல் சட்டத்தைத் திருத்தினார்கள், மேயர் பதவி போனது. உங்களுக்கு அந்த ஆபத்து வர நாளாகும்.

என்னைக் கேட்டால் வார்டில் ஆரம்பியுங்கள். சட்டமன்றத்தில் நானூறு ஓட்டு வாங்கினால் ‘மற்றவர்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். கிராம வார்டில் அதே நானூறு, உங்களை உறுப்பினராக்கி எதிரியை உங்கள் வீட்டுக்கு டீ குடிக்க வரவைக்கும். ஒரே வில்லங்கம்: ஊராட்சி வார்டும் தலைவர் பதவியும் கட்சி சார்பற்ற தேர்தல். கட்சிச் சின்னம் கிடையாது. ஆனால் யார் எந்தக் கட்சி என்று டீக்கடையில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும்.

ஒரு மாநிலத் தலைவர் (ஊர் வேண்டாம்): நாங்கள் தோற்போம் என்று தெரியும். நிற்காமல் இருந்தால் என்ன?

கட்சி போய்விடும். ஆறு ஆண்டு எந்தத் தேர்தலிலும் நிற்காத பதிவு பெற்ற கட்சிகள் என்று 2025 ஆகஸ்டில் மட்டும் 334 பெயர்களை ஆணையம் பட்டியலிலிருந்து எடுத்தது. யாரையாவது நிறுத்துங்கள். மாமனாராக இருந்தாலும் பரவாயில்லை.

ஒரு வாசகி, மேட்டூர்: தோல்வி தாங்குவது எப்படி?

உங்கள் ஊர்க்காரர் பத்மராஜனைக் கேளுங்கள். டயர் கடை வைத்திருந்தவர். 1988-லிருந்து இருநூறு முறைக்கு மேல் நின்று அத்தனையும் தோற்றவர். 2011-ல் மேட்டூரில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல் விழுந்துவிட்டது. அன்றைக்கு அவர் பயந்திருப்பார்.

அதே ‘வேட்பாளரின் மனைவி’: கடைசியாக ஒன்று. நோட்டாவைவிடக் குறைவாக வாங்கினால்?

வெட்கப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். நோட்டாவுக்கு டெபாசிட் இல்லை, முன்மொழியும் பத்துப் பேர் தேவையில்லை, செலவுக் கணக்கு இல்லை, 2013-லிருந்து எல்லாத் தொகுதியிலும் நிற்கிறது. உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரே சௌகரியம், நோட்டாவே முதலிடம் வந்தாலும் சட்டமன்றம் போகப்போவது அடுத்து வந்த வேட்பாளர்தான்.