பூசாரி போட்ட வேலை

ஐரோப்பியப் பட்டணங்களில் ஒரு காலத்தில் அநாதைக் குழந்தைகளுக்கு ஏகக் கிராக்கி. 1619இல் லண்டன் மாநகரம் தெருவில் திரிந்த பிள்ளைகளில் சுமார் நூறு பேரை வர்ஜீனியாவுக்குக் கப்பலேற்றியது. அதற்குப் பெயர் தர்மம். பிரஷ்ய மன்னர் பிரெடரிக் வில்லியம் 1724இல் போட்ஸ்டாமில் சிப்பாய்களின் பிள்ளைகளுக்குப் பெரிய விடுதி திறந்தார். அப்பன் துப்பாக்கி தூக்கியவன். பிள்ளை சும்மா உட்கார்ந்து சாப்பிடலாமா? பிள்ளைகளை லேஸ் பின்னவும் துப்பாக்கிப் பட்டறைக்கும் கூலிக்கு விட்டார்கள். கஞ்சி ஊற்றியவர்களே கூலியையும் வாங்கிக்கொண்டார்கள்.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மிஷனரி ஜோடி 1913இல் கொல்லிமலை ஏறியது. ஜெஸ்ஸி பிராண்டும் லண்டன்காரி எவலினும். சேந்தமங்கலத்தில் கல்யாணம், அன்றைக்கே மலையேற்றம். வழியில் கொட்டிய மழையில் மணப்பெண்ணின் வெள்ளைக் கவுன் ஊறிப்போனது. வாழவந்தி நாட்டில் தங்கினார்கள். ஜெஸ்ஸி பல் பிடுங்கினார், நரம்புச் சிலந்தியை இழுத்து எடுத்தார், தச்சு வேலை சொல்லிக் கொடுத்தார். மலைவாசிகள் எல்லாவற்றுக்கும் வந்தார்கள். பிரசங்கம் என்றால் மட்டும் எல்லோருக்கும் காட்டில் அவசர வேலை இருந்தது. சாமியாடும் பூசாரிக்கு வெள்ளைக்காரச் சாமி ஆகாது. அவர் பேச்சை மீறுபவர் யார்? ஐந்தாறு வருஷம் ஓடியும் ஒரு ஆள் சேரவில்லை.

இந்த மலையின் கொல்லிப்பாவை சிரித்தே ஆளைக் கொல்வாள் என்பார்கள். முதல் உலகப்போர் முடிகிற நேரத்தில் வந்த விஷக்காய்ச்சலுக்குச் சிரிக்கக்கூட நேரமில்லை. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் கொண்டுபோனது. பிராண்ட் தம்பதி அண்டா அண்டாவாகக் கஞ்சி காய்ச்சி ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போனார்கள். போட்ஸ்டாம் கணக்குப்பிள்ளை பார்த்திருந்தால் வயிறு எரிந்திருப்பான்: ஊற்றிய கஞ்சிக்கு ஒரு முழம் லேஸ்கூடத் திரும்பவில்லை.

பூசாரியும் படுத்தார். சாவு நெருங்கியபோது, இத்தனை நாள் துரத்திய அதே வெள்ளைக்காரர்களைக் கூப்பிட்டுத் தன் கைக்குழந்தையை ஒப்படைத்தார். நோஞ்சான் பெண் குழந்தை. பிரசங்கத்தால் அசையாத மலை இதில் அசைந்தது. ஜனங்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பின்னாலேயே வேறு பிள்ளைகளும் வந்தார்கள், ஒரு விடுதியே உருவானது. பூசாரியைத்தான் மெச்ச வேண்டும். லண்டன்காரர்கள் அநாதைகளை வேலைக்கு அனுப்பினார்கள். இவர் ஒரு அநாதையை விட்டு லண்டன்காரியை வேலைக்கு வைத்தார்.

ஜெஸ்ஸி 1929இல் மலைக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். எழுபதை நெருங்கிய எவலினுக்கு மிஷன் ஓய்வு கொடுத்தது. கிழவி மிஷனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மட்டக்குதிரை ஏறித் தன் போக்கில் மலை மலையாகச் சுற்றினார். 1974இல், 95 வயதில் கண்மூடும்வரை பூசாரி போட்ட வேலையை அவர் ராஜினாமா செய்யவேயில்லை.