எந்த வார்டு கவுன்சிலர்?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் விளைகிற மாம்பழத்துக்குப் பெயர் பெங்களூரா. பெங்களூரில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிற சாலைக்குப் பெயர் ஓசூர் ரோடு. பழம் நம்முடையது, பெயர் அவர்களுடையது. சாலையின் பெயர் நம்முடையது, ஆஸ்பத்திரி அவர்களுடையது. இரண்டு ஊருக்கும் நடுவில் இத்தனை அந்நியோன்யம் இருக்கும்போது, ஓசூர் பக்கத்துத் தளியில் ராத்திரி தூங்காமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பன்னிரண்டு வயசுப் பையன் தனக்கு யாருமில்லை என்று நினைத்தால் அது அவனுடைய நன்றிகெட்டதனம்.

பையன் என் கற்பனைதான். ஆனால் தளிக்காரர்களுக்கு அவனைத் தெரியும். அப்பா சிப்காட்டில் காண்ட்ராக்ட், ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் நைட். அம்மா ரோஜாப் பண்ணையில். ராகி முற்றும் பருவத்தில் ஜவளகிரிக் காட்டிலிருந்து யானை இறங்கும். அப்பா நைட் ஷிப்ட் போகிற வாரமாகப் பார்த்துத்தான் இறங்குகிறது என்று பையனுக்குத் தோன்றுகிறது. காலையில் வயிற்றுவலி. பள்ளிக்கூடம் வேண்டாம் என்கிறான். பாட்டி தாயத்துக் கட்டியாயிற்று, மந்திரித்துமாயிற்று. பாட்டியை நான் கிண்டல் செய்யப்போவதில்லை. கூப்பிட்ட அன்றைக்கே வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, அவன் தலையில் கைவைத்த ஒரே ஆள் அந்தப் பூசாரிதான்.

சரி, நிம்ஹான்ஸுக்கே கூட்டிப் போவோம் என்று அம்மா கிளம்புகிறாள். ஓசூர் வரை டவுன் பஸ். நம் அரசு 2021இலிருந்து பெண்களிடம் காசு வாங்குவதில்லை. எல்லை தாண்டினால் கர்நாடக பஸ். அங்கேயும் 2023இலிருந்து பெண்களுக்கு இலவசம், கர்நாடக முகவரி இருந்தால். இவளுடைய ஆதாரில் கிருஷ்ணகிரி மாவட்டம் என்று இருக்கிறது. அத்திப்பள்ளியில் அவள் பெண் என்பது கண்டக்டர் கண்ணுக்குத் தெரிகிறது, சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவதில்லை. டிக்கெட் எடுத்துக்கொண்டு போகிறாள். அன்றைய கூலி போயிற்று. மறுபடி வரச்சொன்னால் அந்தக் கூலியும் போகும்.

அவள் பறிக்கிற ரோஜாவுக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. மொட்டிலேயே வெட்டி, குளிரறையில் வைத்து, குளிர்வண்டியில் ஏற்றி, பிப்ரவரி 14க்குள் எங்கெங்கோ இருக்கிற காதலர்கள் கையில் சேர்த்துவிடுகிறார்கள். வழியில் ஒரு இதழ் வாடக்கூடாது. யானைக்கும் குறைவில்லை. 2022இல் காவிரி தெற்கு சரணாலயம் அறிவித்தார்கள். 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 3,063 யானை என்று சொன்னார்கள். நல்ல காரியம், யானைக்கும் காடு வேண்டும்.

பையனையும் எண்ணுகிறார்கள், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

பிள்ளைகளின் மனநலத்தை அளக்கவென்றே ஒரு கேள்விப் பட்டியல் இருக்கிறது. 1997இல் ராபர்ட் குட்மன் என்ற ஆங்கிலேய மருத்துவர் உருவாக்கியது, 25 வாசகம். ஒவ்வொன்றுக்கும் பொருந்தாது, ஓரளவு பொருந்தும், நன்றாகப் பொருந்தும் என்று மூன்று பதில். வயிற்றுவலிக்கும் அதில் இடமுண்டு, ஆகவே பையனுக்கும் இடமுண்டு. உலகமெங்கும் நம்புகிற கருவி. அதன்மேல் எனக்குக் கோபமில்லை. தளியைக் குட்டி இங்கிலாந்து என்று சொன்னவர்களின் நாட்டிலிருந்து வந்தது, பொருத்தமாகத்தான் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், இந்த வீட்டில் பாட்டியோடு கன்னடம், தெருவில் தெலுங்கு, பள்ளியில் தமிழ். எந்த மொழியில் துக்கப்படுவது என்று குடும்பம் முதலில் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும்.

“கவுன்சிலர் வந்திருக்காங்க” என்றால் தளியில் “எந்த வார்டு?” என்றுதான் கேட்பார்கள். ஓட்டுக் கேட்கிற கவுன்சிலரை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். பேச்சுக் கேட்கிற கவுன்சிலர் இந்த மாவட்டத்துக்குப் பெரும்பாலும் போலீஸ் ஜீப்புக்குப் பின்னால்தான் வருவார். 2024 ஆகஸ்டில் ஒரு தனியார் பள்ளியில் போலி என்.சி.சி. முகாம் நடத்தி மாணவிகளிடம் பாலியல் கொடுமை செய்தது வெளிவந்தது. உடனே சிறப்புப் புலனாய்வுக் குழு, பல்துறைக் குழு, பிள்ளைகளுக்கு உளவியல் ஆலோசனை. அதாவது, பிள்ளையிடம் அக்கறையாக ஒருவர் பேசவேண்டுமென்றால் அதற்கு முன்பு எஃப்.ஐ.ஆர். வேண்டும். சும்மா தூங்காமல் இருக்கிறவனெல்லாம் வரிசையில் நிற்கட்டும்.

வரிசை எவ்வளவு நீளம் என்பதை அளந்து வைத்திருக்கிறார்கள். 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல். பெரியவர்களிடம் சிகிச்சை இடைவெளி, நோய்க்கு நோய் மாறி, 70 முதல் 92 விழுக்காடு. ‘இடைவெளி’ என்ற சொல்லைக் கண்டுபிடித்தவருக்கு ஒரு மாலை போடவேண்டும். நூறு பேரில் எழுபது முதல் தொண்ணூறு பேருக்கு வைத்தியம் இல்லை என்றால் அதற்குத் தமிழில் வேறு பெயர். இடைவெளி என்றால் யாரோ பல் தேய்க்கும்போது பார்த்துக்கொள்கிற விஷயம் போல இருக்கிறது.

எங்கள் பக்கம் விளைபொருள் பல. ரோஜா, கோஸ், தக்காளி, கிரானைட், இடைவெளி. கிரானைட்டும் இடைவெளியும் ஒரே வியாபாரம். தோண்டுவது இங்கே, மெருகேற்றுவது வெளியூரில், அடுக்கிப் பார்ப்பது வெளிநாட்டில். ஊருக்கு மிஞ்சுவது பள்ளம்.

ஆய்வாளர்கள் எல்லோரையும் சேர்த்துத் திட்டுகிறேன் என்று நினைக்கவேண்டாம். சொல்லவேண்டியதைச் சொன்ன ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அங்கேதான் என் வயிறு எரிகிறது. பீகாரில் நாளந்தா மாவட்டத்து 74 பள்ளிகளில் ‘செஹர்’ என்றொரு ஆய்வு நடந்தது. சில பள்ளிகளில் ஆசிரியருக்கே பயிற்சி கொடுத்துப் பிள்ளைகளின் உடல்நலத்தையும் மனநலத்தையும் பார்க்கச் சொன்னார்கள். சிலவற்றில் அதற்கென்றே தனியாக ஒரு ஆளைப் போட்டார்கள். டாக்டர் இல்லை, பயிற்சி பெற்ற சாதாரண ஆள். அந்த ஆள் இருந்த பள்ளிகளில் மனச்சோர்வு குறைந்தது, அடிதடி குறைந்தது, பள்ளியின் சூழலே மாறியது. ஆசிரியரைக் கொண்டு செய்ததில் பலனில்லை. 2018இல் லான்செட் இதழில் வெளியாயிற்று. இதைவிடத் தெளிவாக ஒரு ஆய்வு பேச முடியாது: பள்ளிக்கு ஒரு ஆள் போடு, சம்பளம் கொடு.

ஒன்றிய அரசு கவனமாகப் படித்திருக்க வேண்டும். 2020 பிப்ரவரியில் பள்ளி நலத்திட்டம் தொடங்கி, பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை ‘நலவாழ்வுத் தூதர்’ ஆக்கினார்கள். பதினொரு தலைப்பு, அதில் ஒன்று மனநலம். எது பலிக்காது என்று ஆய்வு சொன்னதோ அதையே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்க ஒரு தனித் திறமை வேண்டும். தூதருக்குப் பாடம் நடத்தவேண்டும், மாணவர் விவரத்தை எமிஸ் இணையதளத்தில் ஏற்றவேண்டும், தேர்தல் வேலைக்குப் போகவேண்டும். நடுவில் பையன் ஏன் தூங்கவில்லை என்றும் கேட்கவேண்டும்.

தேசிய மனநலத் திட்டம் 1982இல் வந்தது. மாவட்ட மனநலத் திட்டம் 1996இல். அதற்கெல்லாம் முன்னால், 1970களிலேயே, நிம்ஹான்ஸ்காரர்கள் ஆனேக்கல் பக்கம் சக்கலவாராவில் கிராமத்து மனநலத்தைச் சாதாரண டாக்டர்களைக் கொண்டே பார்க்கமுடியும் என்று செய்து காட்டத் தொடங்கிவிட்டார்கள். தளியிலிருந்து எல்லை தாண்டினால் ஆனேக்கல். ஐம்பது வருஷமாக அந்த யோசனை இந்த எல்லையில் லாரிகளோடு நின்றுகொண்டிருக்கிறது. மாவட்டத்துக்கு இன்ன குழு என்று பிற்பாடு வகுத்த விதியில் ஒரு மனநல மருத்துவர், ஒரு உளவியலாளர், ஒரு சமூகப் பணியாளர், செவிலியர்கள். கூடவே கண்காணிப்புக்கு ஒரு அதிகாரி, பதிவேட்டுக்கு ஒரு உதவியாளர். குழந்தைகளுக்கென்று ஒருவர் பட்டியலிலேயே இல்லை. 2011இல் எங்கள் மாவட்டத்து ஜனத்தொகை 18.8 லட்சம். பதிவேட்டு உதவியாளருக்குக் கை வலிக்காமல் இருக்கட்டும்.

இந்த மாவட்டத்தில் எதுவும் வீடு தேடி வராது என்றும் சொல்ல முடியாது. மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதே இங்கே, சூளகிரி ஒன்றியத்துச் சாமனப்பள்ளியில், 2021 ஆகஸ்டில். பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் வாசலுக்கு வந்தன. உண்மையிலேயே பெரிய காரியம். மாத்திரை கொண்டுவருகிற அந்த அக்காவுக்குத் தெரு தெரியும், மூன்று பாஷையும் தெரியும், எந்த வீட்டில் யார் தூங்கவில்லை என்பதும் தெரியும். அவளைப் போல இன்னொருத்தியைப் பள்ளிக்கூடத்தில் உட்காரவைக்க என்ன ஆய்வு பாக்கி?

பாக்கி இருக்கிறது போலும். அதனால்தான் டேப்லெட்டோடு ஒரு பெண் வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள். நல்ல பெண், அவளுக்கும் காண்ட்ராக்ட் வேலைதான். இருபத்தைந்தும் கேட்டு முடித்துவிட்டாள்.

“அவ்ளோதாங்க்கா. இது பேஸ்லைன். எண்ட்லைனுக்குப் பதினெட்டு மாசம் கழிச்சு வருவோம்.”

“அதுக்குள்ள இவன் எட்டாவது முடிச்சிருவானே மேடம்.”

“ஃபோன் நம்பர் மாத்திராதீங்க, அது போதும்.”

வண்டி கிளம்புகிறது. உள்ளேயிருந்து பாட்டி கேட்கிறாள்.

“யாரு வந்தது?”

“கணக்கெடுக்கிறவங்க.”

“யானைக் கணக்கா?”

“இல்ல, நம்ம பையன மாதிரிப் பசங்களோட கணக்கு.”

“எத்தனையாம்?”